நான்கு கால் கல்வி: பட்டப்படிப்பில் மாணவர் கற்றலை மதிப்பிடலும் மேம்படுத்தலும்

முன்னுரை

கல்லூரித் தமிழ்த்துறை ஒன்றின் வெற்றியை எதனைக் கொண்டு அளப்பது? தேர்ச்சி விழுக்காடு, தரவரிசையில் இடம்பெற்றோர் தொகை, முதல் வகுப்புப் பெற்றோர் எண்ணிக்கை ஆகியனவே நம் ஆண்டறிக்கைகளில் இடம்பெறுகின்றன. இவை மகிழ்ச்சி தரும் செய்திகளே. ஆயினும் இவற்றை மட்டும் கொண்டு நம் மாணவர் கற்றனர் என்று துணிந்து கூற இயலுமா என்னும் வினா நம் உள்ளத்தில் நெடுநாளாக இருந்து வருகிறது.

இவ்வினாவை எழுப்பியவர் கல்வியாளர் அல்லர். நம் நலம் நாடும் ஜமாஅத் பெரியவர் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் நம் துறைக்கு ஒரு தாளுடன் வந்தார். தம் தெருவின் குடிநீர்க் குறையை நகராட்சி ஆணையருக்கு எடுத்துரைக்க, தமிழிலக்கியம் பயிலும் மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் மனு எழுதித் தருமாறு அவர் கேட்டிருக்கிறார். மாணவரும் இரண்டு பக்கங்கள் எழுதித் தந்திருக்கிறார். நீரின் பெருமை பற்றிய அடைமொழிகள் அதில் நிறைந்திருந்தன. பெரியவர் அமைதியாகச் சொன்னார்: "தம்பி அழகாகத்தான் எழுதியிருக்கிறார், சார். ஆனால் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பது மட்டும் இதில் இல்லை."

அம்மாணவர் முதல் வகுப்பு மதிப்பெண் பெற்று வந்தவர். அவர்மீது குற்றம் இல்லை. மூன்றாண்டுகளாக நாம் அவரிடம் எதைக் கேட்டோமோ அதை அவர் தந்தார். நாம் கேட்டது வேறு, உலகம் கேட்டது வேறு. மதிப்பீட்டு முறை எவ்வாறு அமைந்தால் கற்றல் மேம்படும் என்பதை நம் தமிழ் மரபையும், நம் சமுதாயத்தின் ஓதல் மரபையும், அண்மைக்கால ஆய்வுகளையும் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்வு வந்த வழி

1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பெற்றது. பாடம் சொல்வது கல்லூரியின் பணி என்றும், தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் பணி என்றும் அப்பொழுது பகுக்கப்பட்டது. கற்பித்தவர் ஒருவர், வினாத்தாள் அமைத்தவர் மற்றொருவர், விடைத்தாள் திருத்தியவர் பிறிதொருவர். நடுநிலைமை கருதி எழுந்த இவ்வேற்பாட்டில் நன்மை உண்டு. ஆனால் மாணவர் எங்கே தவறினார் என்னும் செய்தி கற்பித்த ஆசிரியருக்கும் வந்து சேரவில்லை. கற்ற மாணவருக்கும் வந்து சேரவில்லை. இருவருக்கும் கிடைத்தது ஓர் எண் மட்டுமே.

இக்குறையை அறிஞர் உலகம் உணராமல் இல்லை. 1948-49இல் பணியாற்றிய டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் மட்டும் கூறுமாறு கேட்டால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்னும் கருத்தை வெளியிட்டது. 1964-66இல் அமைந்த கோத்தாரிக் கல்விக் குழுவும் தேர்வு முறை மாற்றத்தையும் அகமதிப்பீட்டையும் வற்புறுத்தியது. 1978இல் தமிழகத்தில் தன்னாட்சிக் கல்லூரிகள் தோன்றியபோது, கற்பிப்பவரே மதிப்பிடும் உரிமையும் ஓரளவு திரும்பக் கிடைத்தது. 1994இல் தேசிய மதிப்பீட்டுத் தரச்சான்றுக் குழு நிறுவப்பெற்றது. மாணவர் அன்றிக் கல்லூரிகளும் மதிப்பிடப்படும் காலம் வந்தது. 2019இல் பல்கலைக்கழக மானியக்குழு உயர்கல்வித் தேர்வுச் சீர்திருத்தம் குறித்துத் தனியறிக்கையே வெளியிட்டது.

எழுபதாண்டுகளுக்கு மேலாக ஒரே குறை மீண்டும் மீண்டும் பேசப்படுவதை இவ்வரலாறு காட்டுகிறது. விதிகள் மாறியுள்ளன, வகுப்பறைப் பழக்கம் அந்த அளவிற்கு மாறவில்லை என்பதே உண்மை.

நன்னூல் காட்டும் கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தை நம் மாணவர் அனைவரும் மனப்பாடம் செய்கின்றனர். அதில் பாடங்கேட்டலின் வரலாறு கூறும் பகுதியில் வியப்புக்குரிய ஒரு கணக்கு உள்ளது. ஆசிரியர் உரைத்ததை மாணவர் எவ்வளவு நன்றாக உளங்கொண்டாலும் புலமையில் கால்பங்கே அவருக்குக் கைவரும். உடன் பயிலும் மாணவரோடு கூடிப் பழகுவதால் மற்றொரு கால்பங்கு வரும். தாம் கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய இரண்டு காலும் நிரம்பிப் புலமை முழுமை பெறும்.

இக்கணக்கை நம் பட்டப்படிப்பின் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டு நோக்குவோம். பல கல்லூரிகளில் ஒரு தாளுக்கு அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 எனப் பகுக்கப்படுகிறது. பருவத் தேர்வின் 75 மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஆசிரியர் சொன்னதையும் குறிப்பேட்டில் உள்ளதையும் திருப்பி எழுதுவதற்கே செல்கின்றன. அஃதாவது நன்னூலார் கால்பங்கு என்றதற்கு நாம் முக்கால்பங்கு மதிப்பெண் தருகிறோம். உடன்பயிலல், எடுத்துரைத்தல் என்னும் முக்கால்பங்குக்கு எஞ்சிய கால்பங்கையேனும் தருகின்றோமா எனின், அதுவும் ஐயத்திற்குரியதே.

அகமதிப்பீட்டின் நடைமுறையை மறைக்காமல் கூறுதல் நன்று. தேர்வுகள் இரண்டு நடைபெறுகின்றன. அவையும் பருவத் தேர்வின் சிறிய படிகளே. அசைன்மெண்ட் என மாணவர் வழங்கும் ஒப்படைவுக் கட்டுரை, முந்தைய ஆண்டு மாணவரின் கட்டுரையைப் பார்த்து எழுதப்படுகிறது. இப்பொழுது கைப்பேசியைப் பார்த்தும் எழுதப்படுகிறது. கருத்தரங்க உரை என்பது எழுதிய தாளைப் பார்த்து வாசிப்பதாக முடிகிறது. ஈற்றில் பெரும்பாலோர்க்கு ஏறத்தாழ ஒரே மதிப்பெண் இடப்படுகிறது. யார்க்கும் மனவருத்தம் இல்லை. யார்க்கும் பயனும் இல்லை. இக்குறை நம் துறையிலும் இருந்தது. இன்னும் முற்றும் நீங்கவில்லை.

ஓதல் மரபு தரும் பாடம்

நம் சமுதாயத்தில் வளர்ந்தோர் பலர் மக்தப் மதரஸாவில் கற்றலைத் தொடங்கியவர்கள். திருக்குர்ஆன் மனனப் பிரிவில் கடைப்பிடிக்கப்படும் முறை ஈண்டு நினைவுகூரத்தக்கது. மாணவர் நாள்தோறும் உஸ்தாதின் முன் அமர்ந்து புதிய சபக்கை ஒப்புவிக்கிறார். அதனோடு அண்மையில் மனனம் செய்த பகுதியையும், முன்னரே முடித்த பழைய பகுதியில் ஒரு பங்கையும் ஓதிக் காட்டுகிறார். ஓர் எழுத்தின் ஒலி பிறழ்ந்தாலும் உஸ்தாத் அவ்விடத்திலேயே நிறுத்தித் திருத்துகிறார். புதிய பாடம் சரியாக அமைந்த பின்னரே அடுத்த பாடம் தரப்படுகிறது.

இங்கே மதிப்பீடு என்பது கற்றலுக்குப் பின் வரும் தனி நிகழ்ச்சி அன்று. கற்றலின் ஒரு பகுதியே ஆகும். பிழை காணப்படுவதும் திருத்தப்படுவதும் ஒரே அமர்வில் நிகழ்கின்றன. நம் கல்லூரியிலோ நவம்பரில் செய்த பிழை அடுத்த பருவத்தில் மதிப்பெண் பட்டியலாக வந்து சேர்கிறது. அப்பொழுது அந்தப் பாடமும் முடிந்துவிடுகிறது. ஆசிரியரும் வேறு தாளுக்குச் சென்றுவிடுகிறார்.

மனனத்துக்கு உரிய முறையை இலக்கியக் கல்விக்கு அப்படியே பொருத்த வேண்டும் என்பது நம் கருத்தன்று. வேதத்தை எழுத்துப் பிறழாது ஓதுவது வேறு. இலக்கியப் பாடலுக்குப் பொருள் காண்பது வேறு. திருத்தம் வரும் காலம் என்னும் ஒன்றையே நாம் கொள்ள வேண்டும். மேலும், இஸ்லாமியக் கல்வி மரபில் ஆசிரியர் வழங்கும் இஜாஸா, கற்றவர் தாம் கேட்டதை இனிப் பிறர்க்கு ஓதிக்கொடுக்கலாம் என்னும் அனுமதியாகும். எடுத்துரைத்தலில்தான் புலமை நிரம்பும் என்ற நன்னூலின் கருத்தும் இதுவே. இரு மரபுகளும் ஒரே இடத்தில் வந்து சேர்வது மகிழ்தற்குரியது.

ஆய்வுகள் கூறுவன

மரபு கூறியதை அண்மைக்கால ஆய்வுகளும் வழிமொழிகின்றன. 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் என்னும் அறிஞர் மதிப்பீட்டை இருவகையாகப் பகுத்தார். முடிவில் நின்று தரம் கூறுவது ஒன்று. நடுவில் நின்று வளர்ச்சிக்கு உதவுவது மற்றொன்று. முன்னதைத் தொகுப்பு மதிப்பீடு என்றும் பின்னதை வளர்ப்பு மதிப்பீடு என்றும் நாம் கூறலாம். 1998இல் பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகிய இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, வளர்ப்பு மதிப்பீடு செம்மையாக நடைபெறும் வகுப்புகளில் கற்றல் குறிப்பிடத்தக்க அளவில் உயர்கிறது என்றும், பின்தங்கிய மாணவரே அதனால் மிகுந்த பயன் பெறுகின்றனர் என்றும் காட்டினர்.

நன்னூல் மாணவருக்குக் கூறும் கடமைகளுள் ஒன்று, கேட்டவற்றை மீண்டும் நினைத்தல். 2006இல் அமெரிக்க உளவியலாளர் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் இதனைச் சோதித்தனர். மாணவரில் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது பன்முறை படித்தவர்களே மிகுதியாக எழுதினர். ஒரு வாரம் கழிந்ததும் நிலைமை மாறியது. பன்முறை படித்தவர் நினைவில் நின்றது ஏறத்தாழ 40 விழுக்காடு; நினைவுகூர்ந்து எழுதியவர் நினைவில் நின்றது ஏறத்தாழ 61 விழுக்காடு. தேர்வுக்கு முந்தைய இரவில் பக்கங்களைப் புரட்டும் நம் மாணவர் மறுநாள் எழுதிவிட்டுப் பின்னர் மறப்பது ஏன் என்பது இதனால் விளங்கும்.

மதிப்பெண்ணின் தன்மை பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் பள்ளி மாணவர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். முதற்பிரிவினர்க்கு மதிப்பெண் மட்டும், இரண்டாம் பிரிவினர்க்குத் திருத்தக் குறிப்பு மட்டும், மூன்றாம் பிரிவினர்க்கு இரண்டும் தரப்பட்டன. திருத்தக் குறிப்பு மட்டும் பெற்றவரே அடுத்த பணியில் முன்னேறினர். மதிப்பெண்ணும் சேர்த்துத் தரப்பட்டபோது குறிப்பின் பயன் குன்றியது. விடைத்தாளைத் தந்தவுடன் நம் மாணவர் முதலில் நோக்குவது எதனை என்பதை அறிந்தவர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது.

வினா மாறினால் விடை மாறும்

1956இல் பெஞ்சமின் புளூம் தலைமையில் வெளிவந்த கல்வி நோக்கங்களின் வகைப்பாடும், 2001இல் வெளிவந்த அதன் திருத்தமும் இன்று கல்லூரி வினாத்தாள்களில் பெரிதும் பேசப்படுகின்றன. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்னும் ஆறு படிகளைத் திருத்தப்பட்ட வகைப்பாடு கூறுகிறது. வினாவின் அருகே இப்படியின் பெயரைக் குறித்துவிட்டால் மட்டும் வினா உயர்ந்துவிடாது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம்.

சீறாப்புராணம் நம் பாடத்திட்டத்தில் இடம்பெறும் காப்பியம். 'சீறாப்புராணத்தின் காண்டப் பகுப்பை எழுதுக' என்பது வழக்கமான வினா. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களையும் மாணவர் எழுதிவிடுவர். இது தேவையான அறிவே. 'நாட்டுப்படலத்தின் சிறப்பை ஆராய்க' என்பது ஆய்வு வினா போலத் தோன்றும். ஆனால் அதற்குரிய விடையும் குறிப்பேட்டில் ஆயத்தமாக இருப்பதால், மாணவர் அதனையும் நினைவிலிருந்தே எழுதுவார். சொல் ஆராய்க என்பது, செயல் ஒப்புவித்தல்.

மற்றொரு வினாவை நோக்குவோம். 'உமறுப் புலவர் அரபு நாட்டை மழையும் வயலும் நிறைந்த தமிழ் மருதநிலம் போலப் பாடுகிறார். இது பிழையா, காப்பிய மரபா? கம்பராமாயண நாட்டுப்படலத்தோடு ஒப்பிட்டு உம் கருத்தைச் சான்றுடன் எழுதுக.' இதற்கு இரு நூல்களையும் திறந்து வைத்துக்கொண்டே விடை எழுதலாம். நூலைத் திறந்தாலும் விடை அங்கே எழுதப்பட்டிராது. மாணவர் பாடலைப் படிக்க வேண்டும். சான்று தேட வேண்டும். ஒரு முடிவுக்கு வர வேண்டும். இவ்வகை வினா ஒரு தாளில் ஒன்றேனும் இடம்பெறுமாயின் மாணவர் படிக்கும் முறையே மாறும்.

ஒரு பாடலும் ஒரு மாணவியும்

பெரியவர் வந்து சென்ற பின்னர் நம் துறையில் ஒரு சிறு முயற்சி செய்தோம். மூன்றாமாண்டு மாணவரிடம் பாடத்திட்டத்தில் இல்லாத சீறாப்புராணப் பாடல் ஒன்றைத் தந்து, பதம் பிரித்துப் பொருள் எழுதுமாறு பணித்தோம். மதிப்பெண் இல்லை என்றும் கூறிவிட்டோம். உமறுப் புலவரின் வரலாற்றையும், அவரை ஆதரித்த வள்ளல்களின் பெருமையையும் பிழையற எழுதவல்ல மாணவர் பலர் முதலடியைப் பிரிக்கவே தடுமாறினர். அன்று தேர்ச்சி பெறத் தவறியவர் மாணவர் அல்லர். நாமே என்பதை உணர்ந்தோம்.

அப்பாடலைத் தயக்கமின்றிச் சீர் பிரித்துப் பொருள் கூறியவர் ஒரு மாணவி. அவர் இரு தாள்களில் அரியர் வைத்திருந்தவர். இனி எழுதி என்ன ஆகப்போகிறது, படிப்பை நிறுத்திவிடலாம் என்று அவர் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. இதை எங்கே கற்றீர் என வினவினோம். தம் பாட்டியார் சீறாவை இசையோடு ஓதுவதைச் சிறுவயது முதல் கேட்டு வந்ததாகவும், ஓசை நிற்கும் இடத்தில் சொல்லைப் பிரித்ததாகவும் கூறினார். ஐந்து பருவங்களாக நாம் நடத்திய தேர்வுகளுள் ஒன்றேனும் அவருடைய இவ்வாற்றலைக் கண்டறியவில்லை. அவருக்கு இல்லாதது தமிழறிவு அன்று. அறிந்ததைக் கட்டுரையாக வகுத்து எழுதும் பயிற்சியே.

முதலாமாண்டு மாணவருக்குச் சீர் பிரித்துக் காட்டும் பணியை அவரிடம் ஒப்படைத்தோம். கற்பிப்பதற்காக அவர் குறிப்பு எழுத வேண்டியதாயிற்று. எழுதியதை நாம் திருத்தித் தந்தோம். அடுத்த பருவத்தில் ஒரு தாளில் தேறினார். மற்றொன்றை மேலும் ஒரு முறை எழுத நேர்ந்தது, அதிலும் தேறினார். ஒரு குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணின் படிப்பு, நம் மதிப்பீட்டின் குறையால் நின்றுபோகும் நிலைக்கு வந்தது என்பதை நாம் மறத்தலாகாது. மாணவரில் சிலரை நன்னூல் ஓட்டைக் குடத்துக்கு ஒப்பிடுகிறது. குடம் ஒழுகுகிறது என்று கூறுவது எளிது. ஓட்டை எவ்விடத்தில் உள்ளது எனக் கண்டு அடைப்பதே மதிப்பீட்டின் பணி.

செயற்பாலன

நன்னூலின் கணக்கை ஒட்டித் துறை செய்யத்தக்க பணிகளை வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, கேட்டலாகிய கால்பங்குக்கு உரியது. ஒவ்வொரு வகுப்பின் இறுதி ஐந்து நிமிடமும் மாணவர் ஏட்டை மூடிவிட்டு, அன்று கேட்டவற்றுள் இன்றியமையாத மூன்று செய்திகளையும் விளங்காத ஒன்றையும் எழுத வேண்டும். இதற்கு மதிப்பெண் வேண்டா. விளங்காதவற்றை ஆசிரியர் பார்த்து, அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, உடன்பயிலலுக்கு உரியது. இருவர் இருவராக அமர்ந்து பாடத்திட்டத்துக்கு வெளியிலுள்ள பாடலைப் பதம் பிரித்தல், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துதல் ஆகியன வாரம் ஒருமுறை நடைபெறலாம். இது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1789இல் சென்னை ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்குக் கையாண்டு, 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

மூன்றாவது, எடுத்துரைத்தலுக்கு உரியது. மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவத்தில் ஓர் இலக்கணப் பகுதியையேனும் இளைய மாணவருக்குக் கற்பிக்க வேண்டும். தாளைப் பார்த்து வாசித்தல் கூடாது. கேட்ட மாணவர் மறுநாள் அதைச் செய்து காட்டுவதே கற்பித்தவரின் தேர்ச்சிக்குச் சான்றாகும்.

நான்காவது, நடுநிலை பற்றியது. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் ஆகிய இருவரும் ஒரே ஆங்கில விடைத்தாளின் படியை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் தந்து திருத்தச் செய்தபோது, அதற்கு இடப்பட்ட மதிப்பெண்கள் 64 முதல் 98 வரை சிதறின. இலக்கிய விடையைத் திருத்துவதில் இவ்வேறுபாடு எங்கும் நிகழக்கூடியதே. ஆதலின், கட்டுரைக்குரிய அளவுகோலை முன்னரே வகுத்து மாணவர்க்கும் அறிவித்தல் வேண்டும். 10 மதிப்பெண் கட்டுரைக்குக் கருத்துக்கு 3, சான்றுக்கு 3, வரிசைமுறைக்கு 2, பிழையற்ற நடைக்கு 2 எனப் பகுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் இருவர் சில தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டு நோக்குதலும் நன்று.

ஐந்தாவது, திருத்தம் விரைந்து திரும்ப வேண்டும். முதலில் குறிப்பு மட்டும் தந்து, மாணவர் திருத்தி எழுதிய பின்னரே மதிப்பெண் இட வேண்டும். இதில் ஆசிரியரின் சுமையை மறுப்பதற்கில்லை. 60 மாணவர் உள்ள வகுப்பில் ஒரு பக்கக் கட்டுரைக்கு 5 நிமிடம் என்றாலும் 300 நிமிடம், அஃதாவது ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே ஒவ்வொரு வாரமும் 15 மாணவர் கட்டுரையை மட்டும் ஆழ்ந்து திருத்தலாம். நான்கு வாரத்தில் அனைவரும் இடம்பெறுவர். குறிப்பு நீளமாக இருத்தல் வேண்டா. 'முதலில் தெருவின் பெயரை எழுதுக' என்பதே அம்மனுவுக்குப் போதுமான திருத்தமாக இருந்திருக்கும்.

ஆறாவது, பட்டப்படிப்பு முழுமையையும் மதிப்பிடல். இன்று ஒவ்வொரு தாளுக்கும் கற்றல் விளைவுகள் எழுதப்படுகின்றன. அவை எட்டப்பட்ட அளவும் அட்டவணையில் கணக்கிடப்படுகிறது. தேர்ச்சி மதிப்பெண்ணையே திரும்பவும் கூட்டிக் கழித்து அந்த அட்டவணையை நிரப்பினால் புதிதாக அறிவது யாதுமில்லை. மாறாக, மாணவர் துறையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு மனுவும், ஒரு பாடலுக்குப் பொருளும் எழுதச் செய்து, அத்தாளைப் பாதுகாத்து வைக்கலாம். மூன்றாமாண்டின் இறுதியில் அதே வகைப் பணியை மீண்டும் தந்து, இரண்டையும் அருகருகே வைத்து நோக்கலாம். இடையில் வளர்ச்சி உண்டாயின் அது நம் பட்டப்படிப்பின் விளைவு. இல்லையாயின் எந்தத் தாளில், எந்த ஆண்டில் மாற்றம் வேண்டும் என்பதைத் துறைக் கூட்டத்தில் ஆராய வேண்டும். அடுத்த ஆண்டுப் பாடத்திட்டக் கூட்டத்துக்கு அத்தாள்களையே சான்றாகக் கொண்டு செல்லலாம்.

மாணவருக்கும் பெரியோருக்கும்

மாணவச் செல்வங்களே! திருத்தக் குறிப்பை நாணத்தோடு மறைக்காதீர். கேட்டது விளங்காதபோது வினாதல் மாணவருக்குரிய கடமைகளுள் ஒன்றென நன்னூல் வகுத்துள்ளது. படித்ததை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். உங்கள் இளையோர்க்குச் சொல்லிக் கொடுங்கள். அரியர் வைத்திருப்பவர், தாம் எதையும் அறியாதவர் என எண்ண வேண்டா. எதை அறிவீர், எதை இன்னும் அறிய வேண்டும் என்பதைப் பிரித்துக் காண்பதே முதற்படி.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு நின்றுவிடாதீர். நம் மாணவரிடம் மனு எழுதக் கொடுங்கள். ஜமாஅத் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதச் சொல்லுங்கள். உங்கள் இல்லங்களில் உள்ள பழைய கிஸ்ஸா, முனாஜாத்து நூல்களைப் படித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். குறை கண்டால் அப்பெரியவரைப் போலத் தாளோடு துறைக்கு வாருங்கள். அது புகார் அன்று. நமக்குக் கிடைக்கும் மதிப்பீடு.

முடிவுரை

தேர்வு வேண்டா என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பட்டத்துக்கு நம்பகத்தன்மை வேண்டும். அதற்குப் பொதுத்தேர்வும் வேண்டும். ஆனால் தேர்வு கற்றலின் முடிவில் மட்டும் நின்றால் அது தீர்ப்பாக மட்டுமே அமையும். கற்றலின் இடையே, திருத்திக்கொள்ளக் காலம் இருக்கும்போதே வருமாயின் அது வழிகாட்டியாகும். மதிப்பெண்ணின் பெரும்பகுதி இன்று கேட்டலாகிய கால்பங்குக்கே செல்கிறது. உடன்பயிலலுக்கும் எடுத்துரைத்தலுக்கும் உரிய இடத்தை நாம் வழங்குதல் வேண்டும்.

இறைமறையின் முதல் வெளிப்பாடு ஓதுமாறு பணித்த கட்டளையோடு தொடங்கியது என்பதை நாம் பெருமையோடு கூறுகிறோம். ஓதியது உள்ளத்தில் நின்றதா, பிறர்க்குப் பயன்பட்டதா என்று நோக்குவதும் அக்கட்டளையைப் போற்றுவதேயாகும். நம் துறை மாணவர் எழுதும் அடுத்த மனுவில் தெருவின் பெயரும் இருக்கும், தமிழின் செம்மையும் இருக்கும் என்னும் நிலையை எய்த எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.